மகாமகத்துக்கு முன் எப்படிப்பட்ட மேயர் வேண்டும்? கும்பகோணத்தை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

2022 மார்ச் 4 அன்று கும்பகோணம் மாநகராட்சியின் முதல் மேயராக கே. சரவணன் பொறுப்பேற்றார். ஆட்டோ ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் என்பதால் அன்று தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் அவர் படம் வந்தது. 48 வார்டுகள் கொண்ட மன்றத்தில் அவர் சார்ந்த காங்கிரஸ் கட்சியின் உறுப்பினர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். திமுக கூட்டணியின் இடப்பங்கீட்டில் இந்த ஊரின் மேயர் பதவி அக்கட்சிக்குப் போனது.

அவருடைய பணிக்காலத்துக்கு மதிப்பெண் போடுவது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. அந்த நாளில் ஊரில் நடந்த பேச்சுதான் என்னை யோசிக்க வைத்தது. ஏழைத் தொழிலாளி மேயராகிவிட்டார் என்று பாதிப் பேர் மகிழ்ந்தார்கள். படிப்பும் நிர்வாக அனுபவமும் வேண்டாமா என்று மீதிப் பேர் கேட்டார்கள். இரு தரப்பும் ஆள் எங்கிருந்து வந்தார் என்பதையே பேசிக்கொண்டிருந்தன. அந்த நாற்காலியில் உட்காருபவர் என்ன வேலை செய்ய வேண்டும், அதற்கு என்ன குணம் வேண்டும் என்று டீக்கடையிலும் யாரும் பேசவில்லை, கட்சி அலுவலகத்திலும் யாரும் பேசவில்லை. இந்த மன்றத்தின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. 2028 மாசியில் மகாமகம். அடுத்து வரும் மேயருக்கு நிதானமாகப் பழகிக்கொள்ளக்கூட நேரம் இருக்காது. அதனால் இந்தப் பேச்சை இப்போதே தொடங்கிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஊரும் அதன் பொறுப்புகளும்

கும்பகோணம் நகராட்சி 1866-ல் உருவானது. 2021-ல் தாராசுரம் பேரூராட்சியையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியாக உயர்ந்தது. ஐராவதேசுவரர் கோயில் இருக்கும் தாராசுரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஊர். தரம் உயர்ந்ததால் சொத்துவரியும் குடிநீர்க் கட்டணமும் கூடும் என்ற பயம் மக்களிடம் இருந்தது. பெரிய நிதியும் பெரிய திட்டங்களும் வரும் என்ற நம்பிக்கையும் கூடவே இருந்தது.

வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, இடையில் ஊர். நிலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 25 மீட்டர் உயரம்தான். இங்கிருந்து கிழக்கே கடல் ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவுகூடக் கிடைப்பது அரிது. இவ்வளவு தட்டையான மண்ணில் ஊர் கட்டியவர்கள் குளங்களையும் வாய்க்கால்களையும் பின்னிப்பிணைத்து மழைநீரை வழிநடத்தினார்கள். அந்த வலைப்பின்னலில் எத்தனையோ கண்ணிகள் இன்று வீடுகளுக்கும் கடைகளுக்கும் அடியில் கிடக்கின்றன. குளங்கள், வாய்க்கால்கள் மீதான ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. டெல்டாவில் மேயர் பதவிக்கு வருபவர் முதலில் படிக்க வேண்டியது இந்தத் தண்ணீர்க் கணக்கு.

எங்கள் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஐப்பசி மழையில் ஆற்றிலும் தண்ணீர் கரை தொட்டு ஓடிய சமயம். தெருச் சாக்கடை வெளியே வடிவதற்குப் பதிலாக வீடுகளை நோக்கித் திரும்பியது. மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. வார்டு கவுன்சிலர் வந்தார். பிளீச்சிங் பவுடர் போடச் சொல்கிறேன் என்றார். பக்கத்து வீட்டு அம்மா கணுக்கால் தண்ணீரில் நின்றபடியே கேட்டார்:

"தம்பி, இந்தச் சாக்கடை ஆற்றில் எந்த இடத்தில் போய் விழுகிறது என்று பார்த்திருக்கிறாயா?"

"அது நீர்வளத்துறை இடம், அம்மா. நமக்கு அங்கே அதிகாரம் இல்லை."

"இடம் அவர்களுடையதாகவே இருக்கட்டும். தண்ணீர் என் வீட்டுக்குள் அல்லவா வருகிறது? நாளைக் காலையில் வா, நான் கூட வருகிறேன்."

மறுநாள் அவர் உண்மையாகவே வந்தார். கரையோரம் முள்ளுக்குள் மறைந்திருந்த வடிகால் வாயை அந்த அம்மாதான் காட்டினார். ஆற்றுமட்டம் உயரும்போது தண்ணீர் உள்ளே திரும்பாமல் தடுக்க வேண்டிய அடைப்புப் பலகை உளுத்துப் போயிருந்தது. கவுன்சிலர் அதைப் படம் எடுத்தார், கடிதம் எழுதினார், பதில் வராதபோது மன்றத்தில் எழுந்து கேட்டார். மாநகராட்சிப் பொறியாளரும் நீர்வளத்துறைப் பொறியாளரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிற்கும்படி ஒரு கூட்டு ஆய்வை நடத்தவைத்தார். பலகைக்குப் பதில் இரும்புக் கதவு வந்தது. கதவை மூடியிருக்கும் நேரத்தில் தெருத் தண்ணீரை இறைத்து வெளியேற்ற ஒரு மோட்டாரும் வந்தது. செலவு பெரியதில்லை. அடுத்த மழைக்குள் வேலை முடிந்தது.

அந்தக் கவுன்சிலரிடம் பணமோ மேடைப்பேச்சுத் திறமையோ கிடையாது. தன் அதிகாரத்துக்கு உட்படாத இடம் என்று தெரிந்தும் போய்ப் பார்த்தார், எழுதினார், விடாமல் கேட்டார். மேயருக்கு வேண்டிய முதல் தகுதி இதுதான் என்பது என் கருத்து. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, மேயரின் கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நாற்காலியின் எல்லை

1992-ல் நிறைவேறி 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியலமைப்புத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு உரிய 18 பொருள்களைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிட்டது. பட்டியல் நீளமானது. ஆனால் எதை எவ்வளவு கொடுப்பது என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டில் மாநகராட்சியின் நிர்வாக அதிகாரம் அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கிறது. மேயர் மன்றத்துக்குத் தலைமை தாங்குகிறார். வரவு செலவுத் திட்டம், வரி விகிதம், பெரிய ஒப்பந்தங்கள் எல்லாம் மன்றத்தின் ஒப்புதலுக்கு வரவேண்டும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின் கீழும் அடிப்படை அமைப்பு இதுவே.

மாநகராட்சி எல்லைக்குள் மாநகராட்சிக்குச் சொந்தமில்லாதவற்றை எண்ணிப் பாருங்கள். ஆறும் பாசன வாய்க்காலும் நீர்வளத்துறையிடம். கோயில் குளங்கள் இந்து சமய அறநிலையத்துறையிடம். ஊரின் முக்கியச் சாலைகளில் பல நெடுஞ்சாலைத்துறையிடம். மின்கம்பம் மின்வாரியத்திடம். போக்குவரத்து காவல்துறையிடம். கொள்ளிடத்திலிருந்து குடிநீர் கொண்டுவரும் பெரிய திட்டங்களில் குடிநீர் வடிகால் வாரியத்தின் கை இருக்கும். ஒரு தெருவில் ஒரு பள்ளத்தை மூட நான்கு அலுவலகங்களின் வாசல் ஏற வேண்டிய ஊர் இது.

இப்படிப்பட்ட நாற்காலியில் 'நான் உத்தரவிடுகிறேன்' என்று பேசுபவர் ஆறு மாதத்தில் சோர்ந்து போவார், அல்லது உத்தரவிடக்கூடிய சின்னச் சின்ன விஷயங்களுக்குள் ஒதுங்கிவிடுவார். யாருக்கு எந்தக் கடை, யாருக்கு எந்த ஒப்பந்தம் என்பதே அவருடைய உலகமாகிவிடும். துறைகளை ஒரே மேசையில் உட்காரவைத்து, தேதி வாங்கி, அந்தத் தேதி தவறினால் நாகரிகம் குறையாமல் திரும்பத் திரும்பக் கேட்கிறவரால் மட்டுமே இந்தப் பதவியால் ஊருக்கு ஏதாவது செய்ய முடியும்.

'மன்றம் அனுமதிக்கலாம்'

மாமன்றக் கூட்டத்தின் பொருள் நிரலைப் பார்த்தவர்கள் இந்தச் சொற்றொடரை மறக்க மாட்டார்கள். ஒவ்வொரு பொருளின் கீழும் 'அலுவலகக் குறிப்பு: மன்றம் அனுமதிக்கலாம்' என்று இருக்கும். சாலை போடுவது, டேங்கர் லாரி வாடகை, மோட்டார் பழுது, தெருவிளக்கு பராமரிப்பு, ஒப்பந்தக் கால நீட்டிப்பு என்று வரிசையாகப் போகும். அவசரம் கருதி ஏற்கெனவே செய்து முடித்துவிட்ட வேலைகள் மன்றத்தின் பார்வைக்கு என்று பின்னால் வரும். புத்தகம் உறுப்பினர் கைக்குக் கிடைக்கும், கூட்டம் கூடும், சிலர் எழுந்து தங்கள் வார்டுக்குத் தண்ணீர் வரவில்லை என்பார்கள், யாராவது வெளிநடப்பு செய்வார்கள், முடிவில் எல்லாப் பொருள்களும் ஒன்றாக நிறைவேறியதாக அறிவிப்பு வரும்.

எந்தக் கட்சி ஆண்டாலும் எல்லா ஊரிலும் நடப்பது இது. ஆனாலும் மேயரின் தரம் தெரிவது இந்த இடத்தில்தான். ஒரு பொருளை நிறுத்தி, "போன ஆண்டும் இதே மோட்டாருக்கு இதே பழுது பார்த்தோமே, புது மோட்டார் என்ன விலை?" என்று தலைவரே கேட்டால் அறையின் காற்று மாறிவிடும். அடுத்த கூட்டத்துக்கு அலுவலர்கள் தயாராக வருவார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர் கேட்ட கேள்விக்கு எழுத்தில் பதில் கொடுக்கச் சொன்னால், அந்த உறுப்பினர் மேசையைத் தட்ட வேண்டிய அவசியம் இருக்காது. கோப்பைப் படிக்கும் பழக்கத்தைப் பட்டம் தராது. பட்டம் இல்லாததால் அது இல்லாமலும் போகாது. ஆட்டோ ஓட்டுநருக்கு எந்தச் சந்தில் எந்தக் குழி என்று தெரியும். பொறியாளருக்கு மதிப்பீட்டுத் தாள் படிக்கத் தெரியும். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூச்சப்படாத மனது இருவரில் யாருக்கு இருக்கிறதோ அவரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

பணம் சம்பந்தமாக ஒன்றைப் பட்டென்று சொல்லிவிடலாம். மாநகராட்சியின் ஒப்பந்தத்தில் பங்குள்ளவர் மன்ற உறுப்பினராக இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஒப்பந்தம் மைத்துனன் பெயரில் இருக்கும்போது சட்டத்தின் கண்ணுக்கு அது படுவதில்லை. தெருக்காரர்களுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். வேட்புமனுவோடு தாக்கல் செய்யும் உறுதிமொழிப் பத்திரத்தில் சொத்தும் வழக்குகளும் இருக்கும். ஊரார் அறிந்ததையும் அந்தத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வாக்காளரின் வேலை.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

இங்கேதான் இந்த நிகழ்வின் முடிச்சு இருக்கிறது. கும்பகோணத்து வாக்காளர் எவரும் மேயருக்கு ஓட்டுப் போடவில்லை. 2022 பிப்ரவரி 19-ல் அவர்கள் வார்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த உறுப்பினர்கள் மார்ச் 4-ல் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1996-லும் 2001-லும் தமிழ்நாட்டில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-ல் மறைமுகம். 2011-ல் மீண்டும் நேரடி. அதற்குப் பிறகு சட்டம் முன்னும் பின்னும் மாறி, 2022-ல் மறைமுகத் தேர்தலாக நடந்தது. ஆட்சிக்கு வந்த கட்சிகள் இரண்டுமே தங்கள் வசதிக்கு ஏற்ப முறையை மாற்றியிருக்கின்றன.

நேரடித் தேர்தல்தான் நல்லது என்று என் நண்பர்கள் பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். மேயர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அதில் தெளிவாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் நேரடியாக வென்ற மேயர் ஒரு கட்சி, மன்றப் பெரும்பான்மை வேறு கட்சி என்றால் ஐந்து ஆண்டுகள் வீணாகும் ஆபத்தும் அதில் உண்டு. முறை எதுவானாலும் இன்று நம் கையில் இருப்பது வார்டு ஓட்டு ஒன்றுதான். அந்த ஓட்டைப் போடும்போது தெருவிளக்கு போடுபவரைத் தேடுகிறோம், நல்லது கெட்டதுக்கு வீடு வந்து நிற்பவரைத் தேடுகிறோம். அவர் நாளை மேயரைத் தேர்ந்தெடுக்கும் 48 பேரில் ஒருவர், அவரே மேயராகவும் ஆகலாம் என்பது நினைவுக்கு வருவதில்லை. "உங்கள் கட்சி யாரை மேயராக்கப் போகிறது? அவரிடம் நீங்கள் எதற்கு 'முடியாது' சொல்வீர்கள்?" என்று வீட்டு வாசலில் நிற்கும் வேட்பாளரிடம் கேட்க நமக்கு முழு உரிமை இருக்கிறது.

மன்றமே இல்லாத காலத்தையும் இந்த டெல்டா பார்த்துவிட்டது. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிக்கொண்டே போய், 2022 மார்ச் வரை தனி அலுவலர்களின் கையில் நகரங்கள் இருந்தன. தஞ்சாவூர் சீர்மிகு நகரத் (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்துக்குத் தேர்வானது 2016 செப்டம்பரில். அதாவது மன்றம் கலைவதற்கு ஒரு மாதம் முன்பு. திருச்சி தேர்வானது 2017 ஜூனில். இரண்டு ஊர்களின் வரலாற்றிலேயே பெரிய நகரத் திட்டம் ஒன்று, மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு உறுப்பினர்கூட இல்லாத ஆண்டுகளில், திட்டத்துக்கென்றே தொடங்கிய தனி நிறுவனத்தின் பெயரில் வரையப்பட்டு, ஒப்பந்தம் விடப்பட்டு, பெரும்பகுதி கட்டப்பட்டது. தஞ்சையில் அய்யன் குளமும் சாமந்தான் குளமும் புதுப்பிக்கப்பட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் குளம் முதலில், எந்தச் சந்தை இடிபட வேண்டும், அங்கே கடை வைத்திருந்தவர் இடைக்காலத்தில் எங்கே போவார் என்று கேட்க ஒரு மன்றம் இல்லை. மேயரின் குணங்களைப் பற்றிப் பேசும்போது தேர்தலைத் தவறாமல் நடத்தச் சொல்லிக் கேட்பதும் அந்தப் பேச்சின் பகுதிதான்.

திருச்சியிலிருந்து கற்றவை

திருச்சி 1994-ல் மாநகராட்சியானது. 1996 முதல் 2016 வரை அங்கே மேயராக வந்தவர்கள் எல்லோரும் பெண்கள். 2022-ல் மு. அன்பழகன் தேர்வானபோதுதான் ஓர் ஆண் அந்தப் பதவிக்கு வந்தார். பெண்களுக்கு ஐம்பது சதவீத இடம் என்று 2016-ல் சட்டம் வந்த பிறகு டெல்டா முழுக்கப் பெண் உறுப்பினர்கள் பெருகியிருக்கிறார்கள். மன்றத்தில் இவர், முடிவெடுப்பது கணவர் என்ற பேச்சும் கூடவே வருகிறது. அது பல இடங்களில் நிஜம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதற்குப் பெண்களைப் பழிப்பது அநியாயம். வேட்பாளரிடமே நேரில் கேள்வி கேளுங்கள். பக்கத்தில் நிற்பவர் பதில் சொல்ல வந்தால், "அண்ணே, நான் அக்காவிடம் கேட்கிறேன்" என்று பொறுமையாக நில்லுங்கள். இரண்டாவது கேள்விக்குள் ஆள் யார் என்று தெரிந்துவிடும். ஆண் வேட்பாளர்களுக்குப் பின்னாலும் ஒரு மாவட்டச் செயலாளரோ ஒரு ஒப்பந்ததாரரோ நிற்கலாம். அவர்களையும் இதே முறையில்தான் அறிய வேண்டும்.

திருச்சியில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு கல்மந்தை. நகரின் நெரிசலான ஏழைக் குடியிருப்பு அது. அங்கே பொதுக் கழிப்பறையின் பராமரிப்பையும் கட்டண வசூலையும் பகுதிப் பெண்களின் குழுவிடம் ஒப்படைத்தார்கள். தொண்டு நிறுவனம் பயிற்சி கொடுத்தது, மாநகராட்சி இடமும் ஒத்துழைப்பும் தந்தது. 2002-ல் திறந்தவெளியில் மலம் கழிக்காத குடியிருப்பாக அது அறிவிக்கப்பட்டது. நாட்டில் இத்தகைய முதல் குடிசைப் பகுதி என்று பேசப்பட்டது. அந்த முறை நகரின் மற்ற பகுதிகளுக்கும் பரவியது. ஒரு மாநகராட்சி தன் வேலையின் ஒரு பகுதியை, காசுப் பெட்டியின் சாவியையும் சேர்த்து, அங்கே வாழும் பெண்களின் கையில் கொடுக்கத் துணிந்தது என்பதுதான் இதில் பெரிய செய்தி. அதிகாரத்தைப் பிரித்துக் கொடுக்க மனம் வராதவர் மேயராக இருந்தால் கல்மந்தைகள் பிறக்காது.

2016-ல் தூய்மை நகரங்களின் தேசியத் தரவரிசையில் 73 நகரங்களுக்குள் திருச்சி மூன்றாம் இடம் பிடித்தது. அடுத்த ஆண்டுகளில் இடம் கீழே இறங்கியது. போட்டியிட்ட நகரங்களின் எண்ணிக்கை பல மடங்கு கூடியது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மன்றம் இல்லாததால்தான் இறங்கியது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். தரவரிசைக்காக வேலை செய்யும் மேயரிடம் எனக்கு நம்பிக்கையும் இல்லை. அரியமங்கலத்தில் பல பத்தாண்டுகளாகக் குவிந்த குப்பை மலைக்குப் பக்கத்தில் மூச்சுவிட்டவர்களுக்குத் தேசிய விருது என்ன ஆறுதல் தரும்?

அடுத்தது கள்ளிக்குடி. காந்தி சந்தையின் நெரிசலைக் குறைக்க ஊருக்கு வெளியே கள்ளிக்குடியில் பெரிய சந்தை வளாகம் கட்டித் திறந்தார்கள். வியாபாரிகள் போகவில்லை. தூரம், கடையின் அளவு, சில்லறை வாடிக்கையாளர் அங்கே வருவாரா என்ற பயம் என்று காரணங்களை அவர்கள் தொடக்கத்திலிருந்தே சொன்னார்கள். அந்த வளாகத்தைக் கட்டியது மாநகராட்சி இல்லை, மாநில அரசின் வேளாண் விற்பனைத் துறை. ஆனாலும் சந்தை நகரத்தின் சந்தை. கட்டுவதற்கு முன்பே சுமை தூக்குபவரையும் தரைக்கடைக்காரரையும் மொத்த வியாபாரியையும் உட்காரவைத்துப் பேச ஊருக்கு ஒரு பெரியவர் வேண்டும். மேயர் அந்தப் பெரியவராக இருக்க வேண்டும். கும்பகோணத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். மகாமகக் குளத்தைச் சுற்றிக் கடை வைத்திருப்பவர்களை 2028-க்காக நகர்த்தப் போகிறார்கள். எப்படி நகர்த்துவார்கள், எப்போது திரும்ப விடுவார்கள் என்பதை இப்போதே அவர்களோடு பேசாவிட்டால், கடைசி வாரத்தில் போலீசும் ஜேசிபியும்தான் பேசும்.

இரண்டு துயரங்கள்

கும்பகோணத்தில் மேயரைப் பற்றிப் பேசும் யாரும் இந்த இரண்டையும் தாண்டிப் போக முடியாது.

1992 பிப்ரவரியில் மகாமகக் கூட்ட நெரிசலில் ஏறத்தாழ ஐம்பது பேர் உயிரிழந்தார்கள். சுமார் ஆறு ஏக்கர் குளம், சுற்றிலும் பதினாறு மண்டபங்கள், நான்கு பக்கமும் குறுகலான தெருக்கள். உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் முட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அன்று நாடே பார்த்தது. 2004-லும் 2016-லும் நடந்த மகாமகங்களில் ஏற்பாடுகள் மாறின. 2016-ல் பிப்ரவரி 13 முதல் 22 வரை பத்து நாளும் மக்கள் பிரிந்து பிரிந்து வந்து நீராடினார்கள். கூட்டத்தை நடத்துவது ஆட்சியரும் காவல்துறையும் அறநிலையத்துறையும்தான். ஆனால் குடிநீர்க் குழாய், கழிப்பறை, குப்பை, பாதாளச் சாக்கடையின் மூடிகள், தெருவின் அகலம் ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. எந்தச் சந்து எங்கே அடைபடும், எந்த வீட்டுத் திண்ணையில் ஒரு கிழவி உட்கார்ந்து இளைப்பாற முடியும் என்ற ஊரறிவை அந்தக் கூட்டங்களுக்குக் கொண்டுபோக வேண்டியவர் மேயரும் உறுப்பினர்களும்தான். வெளியூரிலிருந்து வரும் அதிகாரிக்கு அது தெரிய வழியில்லை.

2004 ஜூலை 16. ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள், மேலே கூரைக் கொட்டகை, கீழே இறங்கக் குறுகலான படிக்கட்டு. அந்தப் பள்ளித் தீ விபத்தில் உயிரிழந்தவர்கள் 94 குழந்தைகள். அதன் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பள்ளிகளில் கூரைகளை அகற்றினார்கள். அந்தக் கட்டடத்துக்கு முன்னால் எத்தனை துறைகளின் அலுவலர்கள் எத்தனை முறை நடந்துபோயிருப்பார்கள் என்று நினைக்கும்போது இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை. அனுமதிச் சான்று, உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று என்று காகிதங்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. ஒரு திருமண மண்டபத்தின் பின்வாசல் பூட்டியிருக்கிறதா என்று போய்ப் பார்க்கிற மேயர், உரிமையாளர் தன் கட்சிக்காரராக இருந்தாலும் பூட்டைத் திறக்கச் சொல்கிற மேயர் இந்த ஊருக்கு வேண்டும். வேறு எந்த ஊருக்கு இல்லாவிட்டாலும் இந்த ஊருக்கு வேண்டும். இந்தத் துணிச்சலுக்கு நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக எடை கொடுப்பேன். ஏனென்றால் இதனால் ஓட்டு வராது, நண்பர்கள்தான் குறைவார்கள்.

தேர்தலுக்கு முன்பே பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். நகரங்களில் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் 2022-ல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராமசபைக்கு இருக்கும் பழக்கமும் கவனிப்பும் நகரத்துச் சபைகளுக்கு இன்னும் வரவில்லை. இன்றைய உறுப்பினர் தன் பகுதி சபையைக் கூட்டினாரா, அங்கே வந்த கோரிக்கைகளை எழுதிவைத்தாரா, அடுத்த கூட்டத்தில் அவற்றுக்குப் பதில் சொன்னாரா என்று பாருங்கள். இதைவிடத் தெளிவான சான்று வேறு கிடைக்காது. மன்றத் தீர்மானங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். அவர் எந்தப் பொருளில் பேசினார், எதை எதிர்த்தார், எத்தனை கூட்டத்துக்கு வரவில்லை என்பது அதில் தெரிந்துவிடும்.

புதிதாக நிற்பவரை வேறு வழியில் அறிய வேண்டும். தூய்மைப் பணியாளர்கள் வேலை தொடங்கும் விடியற்காலையில் அவரைத் தெருவில் பார்த்திருக்கிறீர்களா? ஒப்பந்தப் பணியாளருக்குச் சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, கையுறை கிடைக்கிறதா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். தெரியாது என்றால் அது குற்றமில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று போய், விசாரித்துவிட்டு வந்து சொல்கிறாரா என்பதுதான் சோதனை. கேட்ட மாத்திரத்தில் எல்லாவற்றையும் செய்து தருகிறேன் என்பவரிடம், அதில் எது எந்தத் துறையின் கையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

கும்பகோணத்தில் 2027-ல் ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் நான் கேட்கப் போகும் கேள்விகள் இவை. மகாமகக் குளத்துக்கும் பொற்றாமரைக் குளத்துக்கும் தண்ணீர் வரும் வழிகளில் எந்த இடம் அடைபட்டிருக்கிறது, நீங்கள் நேரில் பார்த்தீர்களா? பத்து நாள் வந்துபோகும் லட்சக்கணக்கான மக்களின் கழிவு, ஊரின் பாதாளச் சாக்கடை தாங்கும் அளவா, இல்லையென்றால் எங்கே கொண்டுபோவீர்கள்? கரிக்குளம் கிடங்குக்குப் போகும் குப்பை அந்த நாள்களில் பல மடங்காகும்போது அங்கே பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு என்ன ஏற்பாடு? குளத்தைச் சுற்றியுள்ள கடைக்காரர்களோடு பேச எந்த மாதத்தில் தொடங்குவீர்கள்? ஊரில் எந்தெந்தப் பள்ளி, மண்டபம், தங்கும் விடுதியில் இரண்டாவது வாசல் இல்லை என்ற பட்டியல் உங்களிடம் உண்டா? தேர்தல் தள்ளிப்போய் மன்றமே இல்லாத நிலையில் மகாமகம் வந்தால், பதவி இல்லாத நிலையிலும் இந்த வேலைகளைக் கேட்டு அலுவலகத்தின் படி ஏறுவீர்களா?